முருகையன் வீட்டுக் கடலும் கிளியனூர்த் தண்ணீரும்

மரக்காணத்தில் ஒருவர் கடலைப் பிடித்து வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார் என்று முதலில் சொன்னவர் உப்பு லாரி ஓட்டும் தங்கராசு. திண்டிவனத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில், பக்கத்து வீட்டு மாடு கன்று போட்ட சேதியைச் சொல்வது போல அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். சுனாமியில் வீட்டைப் பாழாக்கிய கடல் மேல் அந்த மனிதருக்குத் தீராத கோபமாம். அதனால் கடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்து, கண்ணாடிப் பெட்டியில் போட்டு மூடி, தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து திட்டுகிறாராம்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. திட்டுவதில்லை, பேசுகிறார் என்றார். பஜ்ஜி தின்றுகொண்டிருந்த இன்னொருவர், பேசுவது கடலிடம் இல்லை, அதற்குள் இருக்கும் மீனிடம் என்றார். பெண்சாதி சுனாமியோடு போய்விட்டாளாம், இப்போது மீனாகத் திரும்பி வந்திருக்கிறாளாம். பஜ்ஜி தீர்வதற்குள் அந்த மீனின் கழுத்தில் மஞ்சள் கோடு இருப்பது வரை வந்துவிட்டது.

வதந்தியும் உப்பு மாதிரிதான். உள்ளே இருக்கும் தண்ணீர் வற்ற வற்றத்தான் நன்றாக விளைகிறது. இது எவ்வளவு வற்றியது என்று பார்த்துவிடலாமே என்று அடுத்த முறை தங்கராசு உப்பு ஏற்றப் போனபோது நானும் லாரியில் தொற்றிக்கொண்டேன். அது 2006 மே மாதம், உப்பு விளைச்சலின் உச்சம்.

கிளியனூரில் லாரி நின்றது. ஒரு வீட்டு வாசலிலிருந்து சிவப்பு மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தங்கராசு வாங்கி வந்து என் காலடியில் வைத்தார்.

"பாத்து சார், ஒதைச்சிடாதீங்க. மீனுக்குப் போற தண்ணி."

கடலோரத்தில் இருக்கும் கடல் மீனுக்குக் கிளியனூரிலிருந்து கிணற்றுத் தண்ணீரா என்று கேட்டேன். அதை அங்கேயே கேட்டுக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். அப்படியென்றால் நிஜம் என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே டீக்கடையில் ஏன் அப்படிச் சொன்னார் என்றதற்கு, "உள்ளத உள்ளபடி சொன்னா எவன் சார் கேக்கறான்?" என்றார். எழுதிப் பிழைக்கும் என் தொழில் ரகசியத்தை லாரி டிரைவர் வாயால் கேட்டதில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

முருகையனின் வீடு, உப்புப் பாத்திகள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்ற கால்கள் முழங்கால் வரை வேறொரு ஆளுடையவை போல வெளுத்திருந்தன. சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். ஆள் வைத்து உப்பு வாருகிறார், ஆள் வராத நாளில் அவரே வாருகிறார்.

வீட்டுக்குள் எந்தப் பொருளும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கட்டில் சமையலறையை ஒட்டிக் கிடந்தது. பீரோ ஜன்னலை மறைத்து நின்றது. சாமி படங்கள் நேற்றுத்தான் குடிவந்தவை போல மேற்குச் சுவரில் தொங்கின. இது ஏன் என்று அப்போது புரியவில்லை.

நடுக்கூடத்தில் கடல் இருந்தது. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. தங்கராசுதான் வைக்கோல் சுற்றிக் கொண்டு வந்து சேர்த்தாராம். உள்ளே கொஞ்சம் மணல், பாறைத் துண்டுகள், குமிழி விடும் மோட்டார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. கண்ணைப் பறிக்கும் நீலத்தில் விரல் நீள மீன் ஒன்று. மஞ்சள் கோட்டையும் தாலியையும் தேடினேன், காணோம்.

முருகையன் சம்பந்தி வீட்டாரை அறிமுகப்படுத்துவது போல ஒவ்வொன்றாகக் காட்டினார். கோமாளிகளில் பெரியது பொம்பளை, சின்னது ஆம்பளை. அந்த ஜாதியில் அப்படித்தானாம். சின்னது பெரியதைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அது தின்ற பிறகுதான் தின்னும். நீலம் பார்ப்பதற்கு அழகு, ஆனால் ரவுடி.

"சம்சாரம் இருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஏன் இல்லாம? கிளியனூர்ல இருக்கறா. நீங்க வந்த லாரில தண்ணி குடுத்து வுட்டிருப்பாளே." பிறகு சிரித்தார். "செத்துட்டான்னு சொன்னானா? அந்தத் தங்கராசுக்கு வாய்ல பூட்டு போடணும்."

மனைவி அம்சவள்ளி இறந்தது பொய். கடலைச் சிறை வைத்ததும் பொய். இத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் அந்தக் கேனின் சிவப்பு மூடியைத் திறந்து, அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தொட்டியில் ஒரு சொம்பு ஊற்றிய விதம் என்னை உட்கார வைத்துவிட்டது. மனிதர் தண்ணீரை முகர்ந்து நான் பார்த்ததில்லை.

அம்சவள்ளி கிளியனூர் விவசாயக் குடும்பத்துப் பெண். ஜோசியர் பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருப்பதாகச் சொல்லித்தான் இந்த உப்புக் காட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஜோசியரைக் குறை சொல்ல முடியாது. கடல் பொருத்தம் என்று பஞ்சாங்கத்தில் ஒன்று கிடையாது. வந்த புதிதில் அவள் செய்த ஒரு வேலையை உப்பளத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வாய்க்காலோடு பொடி மீன்களும் வந்துவிடும். வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறி அவை செத்து மிதக்கும். உப்பளக்காரர்களுக்கு அது குப்பை, வாரி எறிவார்கள். அவள் மட்டும் முறத்தோடு போய், உயிரோடு இருப்பதைப் பொறுக்கி வாய்க்காலில் விடுவாள். வேலை கெடுகிறது என்று முருகையன் கத்தியிருக்கிறார். "ஒங்களுக்கு உப்பு கெடச்சா போதும், அதுக்குத் தண்ணி வேணுமில்ல" என்பாளாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. பிறகு 2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடல் உள்வாங்குகிறது என்று யாரோ கூவ, அம்சவள்ளி வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முன்பக்கமாக வரவில்லை. கழிமுகத்தில் ஏறி, உப்பு வாய்க்கால் வழியே புகுந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்து அவளை இடுப்போடு தூக்கியது. வாசல் முருங்கை மரம் இருந்ததால் பிழைத்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கடலுக்கு முகம் காட்டி உட்காரவும் முடியவில்லை, முதுகு காட்டிப் படுக்கவும் முடியவில்லை. பொங்கல் வருவதற்குள் கிளியனூரில் அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான்.

சண்டை எதுவும் இல்லை. பஞ்சாயத்து பேச வந்த உறவுக்காரர்கள்தான் ஏமாந்து போனார்கள். பஞ்சாயத்துக்கு ஒரு சண்டையாவது வேண்டாமா? அவர் நல்ல நாள் பெரிய நாளுக்குப் போவார், அவள் சுடச்சுடச் சோறு போடுவாள், கடைசி பஸ்ஸுக்கு வழியனுப்புவாள். அங்கேயே தங்கிவிடவும் முயன்றிருக்கிறார். மச்சான் வயல் வரப்பில் உட்கார வைத்தார்கள். உப்புக்காற்று இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு விட்டது போலவே இல்லையாம். "பச்சையா இருக்குது சார், எங்க பாத்தாலும் பச்சை. கண்ணு கூசல. கண்ணு கூசலன்னா எனக்குத் தூக்கம் வருது" என்றார். பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு மரக்காணத்துக்கே வந்துவிட்டார்.

தினமும் அண்ணன் வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், நீங்க, ஆச்சு. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு கிடைக்காது. கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். அவர் போனில் கடல் சத்தம் கேட்டால் அவள் வைத்துவிடுவாள் என்று, பேசும்போது உப்பு மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்றுகொள்வாராம்.

நிவாரணத்துக்கு வந்தவர்களில் வாளி கொடுத்தவர்கள் போக, மனசுக்கு மருந்து கொடுக்கவும் ஒரு குழு வந்தது. எல்லோரையும் உட்கார வைத்துக் கலர் பென்சிலால் கடல் வரையச் சொன்னார்கள். பயந்த பொருளோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும், முதலில் ஒரு கிண்ணம் அளவு, பிறகு குடம் அளவு என்று ஒரு அம்மாள் சொன்னார். மற்றவர்கள் படம் வரைந்து, கொடுத்த பிஸ்கட்டைத் தின்று, எழுந்து போனார்கள். முருகையன் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அம்சவள்ளிக்குக் கடலைக் கொஞ்சமாகத்தானே காட்ட வேண்டும்? நாலடிக் கடல். பின்னாலிருந்து வர முடியாத கடல். அதில் அவள் முறத்தில் பொறுக்கிய மாதிரி மீன்கள். அதைப் பார்க்கவாவது ஒரு நாள் வரமாட்டாளா?

கடல் கிடைத்துவிட்டது. மீனில்தான் சிக்கல். வலைக்காரர்கள் கழித்துப் போட்டதில் உயிருள்ளதையெல்லாம் கொண்டு வந்து போட்டார். கீச்சான், பேத்தை, ஒரா. கடலில் ஒன்றாக இருப்பவை தொட்டியில் ஒன்றாக இருக்காதா என்பது அவர் கணக்கு. மறுநாள் காலையில் கீச்சான் மற்றவற்றின் செதிலை உரித்துத் தின்றிருந்தது. பேத்தை, ஒராவின் வாலைக் கடித்துவிட்டு உப்பிக்கொண்டு மிதந்தது. அன்று போனில் சொல்ல அவருக்கு முதல் முறையாக ஒரு விஷயம் இருந்தது. அவள் சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை என்கிறார். சிரித்துவிட்டு, "அந்தக் கீச்சானக் கொண்டு போயி வுட்டுடுங்க, பாவம் ஒரா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் புதுச்சேரியில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கும் வெங்கடாசலத்தைத் தேடிப் போனார். வெங்கடாசலம் கல்யாணத் தரகர் மாதிரியான ஆள். எந்த மீன் வேண்டும் என்று கேட்கமாட்டார், ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார். வாய்க்குள் நுழையும் அளவில் இன்னொன்று இருந்தால் அது துணை இல்லை, சாப்பாடு. ஒரே மாதிரி உருவம், ஒரே மாதிரி நிறம் இருந்தால் சண்டை நிச்சயம். சாதுவை முதலில் விட வேண்டும், ரவுடியைக் கடைசியில். முதலில் வந்தது எதுவோ அதுதான் வீட்டுக்காரன் ஆகிவிடும், பின்னால் வருவது எல்லாம் குடித்தனக்காரன்.

"அப்ப புதுசா வர்றதுக்கு வழியே இல்லியா?" என்று முருகையன் கேட்டிருக்கிறார்.

"இருக்குது அண்ணே. புதுச வுடறப்ப உள்ள இருக்கற கல்லையெல்லாம் மாத்தி வச்சிடுங்க. பழசுக்குத் தன் எடம் எதுன்னே மறந்து போயிடும். ரெண்டும் புது ஊட்டுக்கு வந்த மாதிரி தடுமாறும். அந்தத் தடுமாத்தத்துல சேந்துக்கும்."

இதை எனக்குச் சொல்லும்போது முருகையன் கட்டிலைப் பார்த்தார். ஜன்னலை மறைத்த பீரோவைப் பார்த்தார். நான் அவற்றைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கடல் என்று ஒன்று இருந்தது, சத்தம் அரைவாசிதான் கேட்டது.

பொருத்தம் பார்த்துத்தான் குடியமர்த்தினார். மணலைச் சலித்துத் தின்னும் சாதுவான உளுவை ஒன்று முதலில். பிறகு கோமாளி ஜோடி. கடைசியில் கல்லை மாற்றி வைத்துவிட்டு நீல ரவுடி. அப்பழுக்கில்லாத குடும்பம். ஒன்றை ஒன்று முறைக்கக்கூட இல்லை. தினமும் போனில் மீன் பேச்சுத்தான். பெரியவள் இன்று பாறைக்குப் பின்னால் போகவில்லை, நீலம் உளுவைக்கு வழி விட்டது என்று நீண்டது. அவளும் கேள்வி கேட்கத் தொடங்கினாள். பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள், காலையில் வந்து பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினால் என்ன என்று அவளே கேட்டாளாம். அவர் வீட்டைக் கழுவி விட்டார்.

அந்தச் சமயம் பார்த்து மீன்கள் வாடத் தொடங்கின. முதலில் உளுவை மணலிலேயே படுத்துச் செத்தது. கோமாளிகள் தீனியைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. வெங்கடாசலம் மோட்டாரைச் சந்தேகப்பட்டார், தீனியைச் சந்தேகப்பட்டார், முருகையனின் பீடியைக்கூடச் சந்தேகப்பட்டார். மனிதர் பீடியை நிறுத்தினார். மீன்கள் அதற்கும் மசியவில்லை. கூட்டிக்கொண்டு வந்து பிணத்தைக் காட்டவா என்று அம்சவள்ளியின் பயணத்தைத் தள்ளிப் போட்டார். காரணம் சொல்லவில்லை. வராதே என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? மறுபடி, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன்.

ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டார். "சண்டையே இல்ல அம்சா. ஒண்ணுக்கொண்ணு அவ்ளோ பொருத்தம். ஆனா சாவுதுங்க."

"கண்ணு வெள்ளப் பூத்துடுச்சா?" என்றாள்.

"ஆமா. உளுவைக்குப் பூத்துச்சு."

"தொட்டில தண்ணி கொறஞ்சா இன்னா ஊத்துறீங்க?"

"இன்னா ஊத்துவாங்க? கடல் தண்ணிதான். டெய்லி ஒரு வாளி."

"கண்ணாடி ஓரத்துல வெள்ளையா இருக்குதா?"

இருந்தது. விளிம்பில் உப்பு பூத்திருந்ததைப் பார்த்து அவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு வேறு இருந்திருக்கிறார், கை ராசி என்று.

"நீங்க ஊட்டுக்குள்ள பாத்தி கட்டியிருக்கீங்க" என்றாள் அம்சவள்ளி.

கொளுத்துகிற வெயிலில் நின்று தண்ணீர் போகும், உப்பு தங்கும் என்பதை வைத்தே சோறு தின்ற மனிதர். பாத்தியில் தண்ணீர் குறைந்தால் மறுபடியும் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சுவதுதான் கைப்பழக்கம். கை அதையே வீட்டுக்குள்ளும் செய்துவிட்டது. உப்பளத்தில் தண்ணீரின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் பரணில்தான் இருந்தது. எடுத்துத் தொட்டியில் விட்டார். அது மேலே எழும்பி, உப்பு பாதி ஏறிய இரண்டாம் பாத்தித் தண்ணீரில் நிற்கிற மாதிரி நின்றது.

வற்றிய இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆனால் சுனாமிக்குப் பிறகு அவர் வீட்டுக் கிணறும் உப்பு, சுற்றியுள்ள கிணறுகளும் உப்பு. குடிக்க வரும் டேங்கர் லாரித் தண்ணீரில் மருந்து வாசனை அடிக்கிறது. இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள், தங்கராசின் லாரி எந்தக் கிழமை கிளியனூர் வழியாக வரும் என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து உப்பு அந்தப் பக்கம் போகிறது, நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. மீன்கள் தேறிவிட்டன.

வதந்தியின் மிச்சப் பாதியையும் சரிபார்க்கத் திரும்பும் வழியில் கிளியனூரில் இறங்கினேன். அம்சவள்ளி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மீனாக மாறியதற்கு அடையாளம் எதுவும் இல்லை. மரக்காணத்திலிருந்து வருகிறேன் என்றதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"பெரியவ சாப்புடறாளா?"

சாப்பிடுகிறாள் என்றேன். சின்னவன்? அவள் தின்ற பிறகு. அதற்குத் தலையாட்டிக்கொண்டாள். அவர் இளைத்திருக்கிறாரா என்று கேட்கவில்லை. பீடி மறுபடி பிடிக்கிறாரா என்று மட்டும் கேட்டாள்.

தயங்கித்தான் கேட்டேன், போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"போவணும்னுதான் நெனைக்கிறேங்க. பஸ்ஸு மரக்காணம் தாண்டித் திரும்புற எடம் வரைக்கும் மனசுலயே போயிட்டேன். அதுக்கு மேல முதுகு ஒத்துக்க மாட்டேங்குது."

வீட்டில் கட்டில் இடம் மாறியிருப்பதைச் சொன்னேன். பீரோ ஜன்னலை அடைத்திருப்பதையும், கடல் சத்தம் பாதிதான் கேட்பதையும் சொன்னேன். "அந்தப் பீரோவ ஒண்டியா தள்ளினாரா?" என்றாள். பிறகு, "பின் கதவு?" என்றாள்.

பின் கதவை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து அண்ணி ஞானாம்பாளின் குரல் வந்தது. வயலுக்குத் தண்ணீர் கொண்டு போகிற கேன்களில் ஒன்று மரக்காணத்துக்குப் போனது திரும்பி வரவே இல்லையாம், தினம் சொம்பில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறதாம். அம்சவள்ளி குரலைத் தாழ்த்திக்கொண்டு, அதைத் தங்கராசிடம் கொடுத்து அனுப்பச் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். சிவப்பு மூடி, பிடியில் நீலக் கயிறு சுற்றியது.

மறுநாள் போன் செய்து முருகையனிடம் இரண்டையும் சொன்னேன். பின் கதவு விஷயத்தைக் கேட்டதும் அவர் போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போன வாரம் தங்கராசு வந்து, பின் கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறது, பூச்சு இன்னும் காயவில்லை என்றார். இதில் எவ்வளவு வற்றியது என்று சரிபார்க்க நான் போகவில்லை. இந்த ஒரு முறை அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

கேனைப் பற்றி முருகையன் என்ன சொன்னார்? மற்றக் கேன்களெல்லாம் காலியானதும் ஒழுங்காகத் திரும்பி வருகின்றனவாம். நீலக் கயிறு சுற்றியது மட்டும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் அதைக் கழுவி, கவிழ்த்து, காய வைத்து, மூடி போட்டு வைத்திருக்கிறார்.

"அத லாரில குடுத்து அனுப்ப முடியாது சார். அவ வந்து எடுத்துக்கட்டும்."

ஞானாம்பாள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.